எல்லா எழுத்துக்கும் ஒரே பெட்டி

எங்கட வாசிப்பு வட்டத்துக்கு ஒரு போஸ்டர் செய்ய இருந்தம். இங்கிலீஷ் தலைப்புக்கு நாங்கள் எடுத்தது சோர்ஸ் கோட் புரோ போல்ட். 2012இல் அடோபி வெளியிட்ட எழுத்துரு, வரைந்தவர் போல் ஹன்ட். ஆரும் காசில்லாமல் எடுத்துப் பாவிக்கலாம்.

கோட் எழுதுறவைக்கெண்டு செய்த எழுத்துரு அது. எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். ஒல்லியான சின்ன 'ஐ'யும் குண்டான 'எம்'மும் ஒரே அளவு பெட்டிக்குள்ள இருக்க வேணும். அதால ஒல்லி எழுத்துகளுக்கு இடம் நிரப்பக் கோடோ வாலோ சேர்க்கிறவை. பூச்சியம் 'ஓ'வோட மாறுப்படாமல் இருக்க நடுவில ஒரு புள்ளி.

போல்டில்தான் உண்மையான வேலை இருக்கு. மற்ற எழுத்துருக்களில் போல்ட் ஆக்கினால் எழுத்து பொதுவா அகலிக்கும். இதில பெட்டியை அகலிக்க ஏலாது, தடிப்பு உள்ளுக்குத்தான் வளரும். 'எம்'மின் மூன்று கால்களும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, வரைகிறவர் அந்தக் கால்களை மட்டும் கொஞ்சம் மெலிய வைக்க வேணும். பலன் என்னெண்டால், கோட்டுக்குள்ள ஒரு சொல்லை மட்டும் போல்ட் ஆக்கினாலும் வரிகள் நகராது.

பிறகு தமிழ்த் தலைப்பை ஒட்டினம். இந்த எழுத்துருவுக்குள்ள தமிழ் இல்லை; கணினி தானாக வேறொன்றைப் போட்டுது. சரி, நாங்களே கட்டம் கீறித் தமிழை அடைச்சுப் பாப்பம் எண்டு இருந்தம். 'ர' வசதியா இருந்தது. 'கௌ' வந்ததும் சிக்கல்: வாசிக்க ஒரு எழுத்து, பார்வைக்கு மூன்று துண்டு. சுண்டிக்குளியில் பிறந்த முத்தையா வடிவமைச்ச தமிழ் ரைப்ரைட்டரின் வழியிலும் இப்படியான எழுத்துகளைத் துண்டு துண்டாத்தான் அடிச்சவை.

அப்பதான் எங்களில் ஒருத்தி தன்ர கதையைச் சொன்னாள். ஒரு விண்ணப்பப் படிவத்தில, எழுத்துக்கு ஒரு பெட்டி. அப்பாவின்ர பெயரும் அவளின்ர பெயரும் சேர, பெட்டி முடிஞ்சு போச்சு. கடைசி மூன்று எழுத்தில்லாமல் அட்டை வந்தது. பிறப்புச் சான்றிதழோட பெயர் பொருந்தேல்லை எண்டு ஒன்றரை வருஷம் அலைஞ்சவள். "உங்கட பெயர்தான் நீளம்" எண்டு சொன்னவையாம்.

அதுவும் இதுவும் ஒரே பெட்டிதான். ஆனால் எழுத்துரு வரைந்தவர் ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாப் பார்த்து, அதுக்கு இடம் செய்து குடுத்திருக்கிறார். 'எம்' குண்டு எண்டு அதின்ர ஒரு காலை வெட்டேல்லை. படிவம் கீறின ஆள் எங்கட பெயர்களை ஒருக்காலும் பாத்திருக்க மாட்டார். எல்லாருக்கும் ஒரே அளவு எண்டால் அது நீதி எண்டு நாங்களும் கனகாலம் நம்பியிருந்தம். அளவெடுக்க முதல் ஆரைப் பாத்தவை எண்டு கேட்கத் தோன்றேல்லை.

போஸ்டரில் இங்கிலீஷை அந்தப் போல்டிலேயே விட்டம். தமிழுக்குக் கட்டத்தை அழிச்சம். கீழே அவளின்ர முழுப் பெயரையும் போட்டம். ஒரு வரி முழுக்க எடுத்தது.