தாம்பரத்தில் இறக்கிய பணமும் என் ஆய்வேடும்

2024 ஏப்ரல் 6, சனிக்கிழமை இரவு. தாம்பரம் ரயில் நிலையத்தில் நெல்லை எக்ஸ்பிரஸில் 3 கோடியே 99 லட்சம் ரூபாய் பிடிபட்டது. திருநெல்வேலி பாஜக வேட்பாளர் நயினார் நாகேந்திரனுக்காகப் போன பணம் என்று குற்றச்சாட்டு எழுந்தது. எனக்குச் சம்பந்தமில்லை என்றார் அவர். வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. ஒரு மக்களவை வேட்பாளர் செலவழிக்கச் சட்டம் அனுமதிப்பது 95 லட்சம்தான். கட்சிக்கோ வரம்பே கிடையாது.

மறுநாள் எங்கள் பகுதியில் தூய்மைப் பணியாளர் கூட்டம். நம் படிப்பு வட்டத்துக்கு வரும் தம்பி ஒருவன் செல்போனில் செய்தியைக் காட்டி, "நம்ம ஜனங்க ஐந்நூறு ரூபாய்க்கு விலை போறதாலதாண்ணே இதெல்லாம்" என்றான். பக்கத்தில் இருந்த அக்கா திரும்பினார். "குடுத்தா வாங்குவேன் தம்பி. ரெண்டு மாசமா சம்பளம் வரல. யாருக்குக் குத்தணும்னு எனக்குத் தெரியும்."

அவன் தலை குனிந்தான். நானும்தான். எம்.ஏ. சமூகவியல் ஆய்வேட்டில் ‘வாக்கு விற்பனை' என்று ஓர் அத்தியாயமே எழுதியவன் நான். கேள்வித்தாளோடு ஏறி இறங்கியது எல்லாம் சேரி வீடுகள். ஒரு அடுக்குமாடிக் கதவையோ ஒரு முதலாளியின் கதவையோ தட்டவில்லை. வழிகாட்டியும் கேட்கவில்லை, நல்ல மதிப்பெண் வேறு!

அந்த முதலாளிகளின் கணக்கு பிறகு வெளியே வந்தது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்தது. வெளியான பட்டியலில் ஏறக்குறைய பாதித் தொகை, 6,000 கோடிக்கு மேல், பாஜகவுக்கு. இங்கே அப்போது ஆட்சியிலிருந்த திமுகவும் 600 கோடிக்கு மேல் வாங்கியிருந்தது. அதில் 500 கோடிக்கு மேல் ஒரே லாட்டரி நிறுவனத்தின் பணம். இதற்குப் பெயர் நன்கொடை. அக்கா வாங்கினால் மட்டும் விலை போவது!

இவ்வளவு பணம் இருந்தும் 400 இடம் கேட்ட பாஜக 303-லிருந்து 240-க்கு இறங்கியது. கூட்டணிக் கட்சிகளின் தோளில்தான் மீண்டும் ஆட்சி. அரசமைப்பை மாற்றத்தான் 400 கேட்கிறார்கள் என்ற பேச்சு வடக்கே நம் மக்களிடம் பரவியிருந்தது. அயோத்தி அடங்கிய பைசாபாத் பொதுத் தொகுதியில் தலித் வேட்பாளர் அவதேஷ் பிரசாத் வென்றார். தமிழ்நாட்டில் பாஜகவுக்கு ஓரிடமும் இல்லை, திருநெல்வேலி உட்பட.

ஜூன் 4 மாலை அக்காவுக்கு போன் செய்து முடிவைச் சொன்னேன்.

"டிவியில பாத்தேன் தம்பி. சம்பளம் ஒரு மாசத்துது வந்துச்சு. இன்னொண்ணு பாக்கி. திங்கக்கெழம ஆபீசுக்கு வரியா?"