சுவருக்குப் பலகை அடிப்பவர்கள்

தாராவிப் பட்டறைகளில் சுவர் என்பது பெரும்பாலும் ஒற்றைச் செங்கல் கனம்தான். சில இடங்களில் அதுவும் கிடையாது. இரும்பு ஆங்கிளில் தகரத்தை முடுக்கியிருப்பார்கள். மும்பைக்காரர்கள் பத்ரா என்பார்கள். மே மாதம் அதில் கை வைக்க முடியாது, ஜூலையில் உட்புறம் வியர்த்து ஒழுகும். அந்தச் சுவரின் உள்பக்கம் எதை அடிப்பது? ப்ளைவுட்டா, சிமென்ட் போர்டா, ஜிப்சமா, பிவிசி பேனலா, மறுபடியும் பத்ராவேவா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதையே பிழைப்பாகக் கொண்ட தச்சர்கள் 90 அடி சாலையைச் சுற்றி இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரோடு பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினேன்.

அவருக்குச் சொந்த ஊர் தென்காசிப் பக்கம். பாட்டனார் தோல் பதனிடும் வேலைக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கிளம்பி வந்தவர். தமிழ் பேசுகிறவர்கள் எல்லோருக்கும் இவர் அண்ணாச்சி. தோள்பையில் ரசமட்டம், மூலைமட்டம், டேப், ட்ரில், கார்பைடு முனை வைத்த ஒரு கீறுகத்தி. கூட அக்கா மகன் ஒருவன், உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த இளைஞன் ஒருவன்.

ஒரு பட்டறைக்குள் நுழைந்தால் அண்ணாச்சி சுவரை உடனே அளப்பதில்லை. முதலில் முதலாளியிடம் ஒன்றைக் கேட்கிறார்: "இங்கன ராத்திரி எத்தன பேரு படுக்காங்க?"

கேட்க வேண்டிய கேள்விதான். தாராவிப் பட்டறை இரவில் வீடாகிவிடும். பகலில் துணி வெட்டும் மேசைமேல் இரவில் பாய் விரிகிறது. குடிசைப் பகுதிக் கட்டடம் 14 அடிக்கு மேல் உயரக் கூடாது என்பது மாநகராட்சி விதி. அந்த உயரத்துக்குள்ளேயே மாளா என்கிற ஒரு மேல்தட்டு போட்டு, செங்குத்தான இரும்பு ஏணியில் ஏறி, குனிந்தபடியே வேலை செய்து அங்கேயே தூங்குகிறார்கள். 2017 டிசம்பர் 18 அதிகாலை, சாக்கிநாக்கா கைரானி சாலையில் ஒரு தின்பண்டக் கடையில் தீப்பிடித்து 12 தொழிலாளர்கள் இறந்தார்கள். 2019 டிசம்பர் 8 அதிகாலை, டெல்லி அனாஜ் மண்டியில் ஒரு தொழிற்கூடம் எரிந்து 43 பேர் போனார்கள். இரண்டு இடத்திலும் இறந்தவர்கள் வேலை செய்த இடத்திலேயே படுத்திருந்தவர்கள். பட்டறைக்குப் பலகை வாங்கப் போகிறவர் இந்த இரண்டு தேதிகளையும் மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அண்ணாச்சிக்குத் தேதிகள் தெரியாது. அந்த இரண்டு தீயையும் தெரியும்.

ஒரு சுவரை அவர் ஒரே சுவராகப் பார்ப்பதில்லை. "கீழ மூணடி தண்ணிக்கு, நடுவுல கைக்கு, மேல நெருப்புக்கு" என்பது அவர் கணக்கு. ஒரே சரக்கை அடியிலிருந்து உச்சி வரை அடிப்பவர்களை அவருக்குப் பிடிக்காது.

தண்ணீரில் தொடங்குகிறேன். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானது. மித்தி ஆறு பொங்கி, தாழ்வான தாராவிக்குள் நுழைந்தது. அவ்வளவு பெரிய வெள்ளம் வராத ஆண்டுகளிலும் ஜூலை, ஆகஸ்டில் கணுக்கால் அளவுத் தண்ணீர் சாதாரணம். எம்டிஎஃப் ஒருமுறை நனைந்தால் ஊதிவிடும், காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. பார்ட்டிக்கிள் போர்டும் அப்படியே. ஜிப்சம் கூழாகும். கமர்ஷியல் ப்ளைவுட் என்று விற்கப்படும் ஐஎஸ் 303 சரக்கு ஈரக்காற்றைத் தாங்கும், தேங்கிய தண்ணீரைத் தாங்காது, அடுக்கடுக்காகப் பிரிந்துகொள்ளும். ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் ப்ளைவுட்டின் பசையை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிக்கிறார்கள், அது பிரியாது. ஆனால் விலை ஏறிவிடும்.

ஆகவே கீழ் மூன்றடிக்கு அவர் தேர்வு சிமென்ட் போர்டு. அதையும் தரையைத் தொடவிடுவதில்லை. இரண்டு அங்குலம் தூக்கி நிறுத்தி, அந்த இடைவெளியில் கம்பிவலையை மடித்து அறைகிறார். வலை எலிக்கு. பலகைக்கும் சுவருக்கும் நடுவே ரீப்பர் சட்டத்தின் கனத்துக்கு ஒரு சந்து விழுமே, அது எலிக்கு ராஜபாட்டை. 2005 வெள்ளத்துக்குப் பின் மும்பையில் எலிக்காய்ச்சல் பரவியதை இங்கே யாரும் மறக்கவில்லை. மின்கம்பியைப் பலகைக்குப் பின்னே ஓட விடாததற்கும் எலியே காரணம். கடித்த கம்பி கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பொரிந்துகொண்டிருக்கும். எவ்வளவு அழகு கெட்டாலும் கம்பி பலகையின் மேல்தான், பைப்புக்குள்தான் போக வேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுப்பதில்லை. ஒரு தையல் பட்டறை முதலாளி இதற்காகவே அவரோடு நெடுநேரம் வாதாடினார். கடைசியில் பைப்பை வெள்ளையடித்துத் தருவதாகச் சொன்ன பிறகு ஒத்துக்கொண்டார்.

நடுப்பகுதி கைக்கு. கத்தரி தொங்கும், நூல்கண்டு ஸ்டாண்டு தொங்கும், மாதிரி வெட்டிய அட்டைகள் தொங்கும், வேலைக்காரரின் சட்டையும் சாமி படமும் தொங்கும். மெஷின்கள் ஓடும்போது சுவரே அதிரும். சிமென்ட் போர்டில் ஸ்க்ரூ நாள்பட நிற்காது. மேசை முனை இடித்தால் விண்டுபோகும். இங்கே 12 எம்எம் ப்ளைவுட்டுக்கு மாற்றில்லை. ஸ்க்ரூவைக் கவ்விக்கொள்ளும், இடியை வாங்கிக்கொள்ளும். தையல் பட்டறை என்றால் அதன்மேல் வெள்ளை எனாமல் பூசச் சொல்கிறார். பஞ்சுத்தூசி வழுவழுப்பான பரப்பில் தங்காது, ஈரத்துணியால் துடைத்துவிடலாம். ஒற்றை டியூப்லைட் வெளிச்சமும் கூடும். நெளி பத்ராவின் ஒவ்வொரு பள்ளத்திலும் தூசி சேர்ந்து திரியாகக் கிடக்கும், ஒரு தீப்பொறி போதும்.

செலவைக் குறைக்க, வெளிநாட்டுச் சரக்கு வந்திறங்கிய பைன் பெட்டிகளை உடைத்து அந்தப் பலகைகளையும் அடிப்பார்கள். அவற்றில் குத்தியிருக்கும் முத்திரையைப் படிக்க அக்கா மகன் கற்றிருக்கிறான். எச்டி என்றால் பூச்சி சாக மரத்தைச் சூடேற்றியிருக்கிறார்கள், எம்பி என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டிருக்கிறார்கள். எம்பி பலகையை அவன் ஒதுக்கி வைக்கிறான். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். உலக நாடுகள் கூடி வகுத்த ஒரு விதியைச் சந்து முனையில் நின்று சரியாகப் படித்துச் சொன்னபோது எனக்கு அவன்மேல் பெரிய மரியாதை வந்தது.

மேல்பகுதிதான் உயிர்ப்பகுதி. சூடும் புகையும் மேலேதான் போகும், ஆட்கள் தூங்குவதும் மேலேதான். மாளாவின் அடிப்பக்கத்தை எதைக் கொண்டு மூடுகிறோம் என்பதில் சில நிமிடங்கள் கிடைக்கின்றன அல்லது போகின்றன. ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு படிகத்துக்குள் கட்டுண்ட நீர். தீப்பட்டால் அந்த நீர் ஆவியாகி முடியும் வரை பலகையின் பின்பக்கம் அவ்வளவாகச் சுடாது. கீழே ஆகாத ஜிப்சம் மேலே போனால் காவலாகிறது. கூரை ஒழுகும் பட்டறையில் மட்டும் அங்கேயும் சிமென்ட் போர்டு. ஆனால் நான் பார்த்த பல மாளாக்களின் அடியில் இருந்தது பிவிசி பேனல், அல்லது தெர்மாகோல். லேசானது, ஒரே ஆள் மாட்டிவிடலாம், பார்க்கவும் பளிச்சென்று இருக்கும். தெர்மாகோல் எரியும்போது உருகிச் சொட்டும், கரும்புகை கக்கும். பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், மூச்சுக்குழலைப் புண்ணாக்கும். வெக்கையைத் தடுக்கத்தான் போடுகிறோம் என்கிறார்கள். வெக்கைக்கு வேறு வழி உண்டு. கூரைப் பத்ராவுக்கு ஓர் அங்குலமாவது கீழே, காற்று நிற்க இடம் விட்டு வெள்ளித்தாள் ஷீட்டைக் கட்டினால் சூடு கணிசமாகக் குறையும். பத்ராவோடு ஒட்டிக் கட்டினால் பயன் இல்லை.

செம்பூரில் ஒரு மோட்டார் கராஜுக்கும் போனோம். அங்கே விடை சுலபம். இரவில் யாரும் தங்குவதில்லை. வெல்டிங் பொறி பறக்கும், கிரீஸ் தெறிக்கும். ப்ளைவுட் எண்ணெயைக் குடித்துக் குடித்து ஒருநாள் விறகாகிவிடும். நெளிவில்லாத பத்ரா, அதன்மேல் பெயிண்ட், அவ்வளவுதான். டிங்கரிங் சத்தம் பக்கத்து வீட்டை எட்டாமல் இருக்க, பத்ராவுக்குப் பின்னே ராக்வூல் வைத்தார்கள். ராக்வூல் எரியாது.

பலகையை வெட்டுகிறவர்களைப் பற்றிச் சொல்லாமல் பலகையைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை. சிமென்ட் போர்டைக் கிரைண்டரில் வெட்டினால் எழும் வெள்ளைத் தூசியில் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலுக்குள் போனால் திரும்பாது. படிகச் சிலிக்காவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 1997இலேயே உலக அளவில் வகைப்படுத்திவிட்டார்கள். சந்தில் வைத்து வெட்டுகையில் அந்தத் தூசி எதிர்வீட்டு அடுப்பங்கரைக்கும் போகிறது. பெரும்பாலான குழுக்களில் வாயில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொள்வதோடு சரி. கைக்குட்டை அந்த நுண்தூசியைத் தடுக்காது. அண்ணாச்சியின் கீறுகத்தி இதற்குத்தான். கோடு போட்டு, கத்தியால் அதே கோட்டில் சிலமுறை அழுத்திக் கீறி, மேசை விளிம்பில் வைத்துப் பலகையை ஒரே மூச்சில் மடக்கினால் சடக்கென்று பிரிகிறது. தூசி குறைவு. நேரம் கூடுதல். ஒப்பந்தம் சதுர அடிக் கூலிக்கு என்பதால் அந்தக் கூடுதல் நேரத்துக்கு யாரும் காசு தருவதில்லை. இந்தக் கூலி முறையே தப்பு என்பது என் கருத்து. தூசி இல்லாமல் வெட்டுவதற்கான நேரத்தையும் நல்ல முகமூடியின் விலையையும் சேர்த்துத்தான் சதுர அடிக்கு விலை பேச வேண்டும்.

பழைய நெளி சிமென்ட் ஷீட்டைக் கழற்றும் வேலை வந்தால் நிலைமை இன்னும் மோசம். அதில் கல்நார் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் கல்நாரை அடியோடு தடை செய்தது. இந்தியா இன்றும் இறக்குமதி செய்கிறது. உடையாமல் கிடக்கும்வரை ஆபத்து குறைவு, துளைத்தாலோ உடைத்தாலோ இழைகள் காற்றில் கலக்கும். "தண்ணி தெளிச்சு, போல்ட்ட அவுத்து, முழுசா எறக்குவோம். சுத்தியல் கொண்டு போட விடமாட்டேன்" என்றார் அண்ணாச்சி. மற்றவர்கள் போட்டு உடைப்பதை நாங்கள் நடந்த சந்துகளிலேயே பார்த்தேன்.

இப்போது எல்லாப் பேச்சிலும் ஒரு தயக்கம் நுழைந்திருக்கிறது. தாராவி மறுசீரமைப்புக்கான ஏலத்தை 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றது. 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே இலவச இடம், மாளாவில் இருப்பவர்களுக்கு வெளியே வேறு ஏற்பாடு என்று விதிகள் போகின்றன. எந்தப் பட்டறை எங்கே போகும் என்று தெரியாத நேரத்தில் சுவருக்குச் செலவழிக்க யாருக்கும் மனம் வருவதில்லை. அதனால் அண்ணாச்சி ஆணியை விட்டுவிட்டார். எல்லாம் ஸ்க்ரூ. எட்டுக்கு நாலு பலகையை முடிந்தவரை வெட்டாமல் முழுசாக அடிக்கிறார். காலி செய்யச் சொன்னால் அரை நாளில் கழற்றி லாரியில் ஏற்றலாம், புதிய இடத்தில் அப்படியே மாட்டலாம். முதலாளிகளைச் சம்மதிக்க வைப்பது இப்போது இந்த ஒரு வாதம்தான்.

நாங்கள் கடைசியாகப் போனது ஒரு தோல் பைப் பட்டறை. ரப்பர் சொல்யூஷன் வாசனை சந்திலேயே வரவேற்றது. மாளாவில் ஒன்பது பேர் படுப்பதாக முதலாளி சொன்னார். அவரும் நெல்லைப் பக்கத்துக்காரர். மேலே போக வர ஒரே ஏணி, அந்த ஏணியடியில்தான் பசை டின்கள். முதலில் டின்களை வாசல் பக்கம் மாற்றச் சொன்னார் அண்ணாச்சி. பிறகு மாளாவில் ஏறி, சந்துப் பக்கத்துப் பத்ராவைத் தட்டிப் பார்த்தார்.

"பாய், ஏணிப் பக்கத்துக்கும் மாளா அடிக்கும் சிமென்ட் போர்டு போட்டுருதேன். மத்த எடத்துல இருக்கிற ப்ளைவுட் கெடக்கட்டும். இந்தா, இந்த மூணடிய மட்டும் அடைக்க வேண்டாம். பத்ராவ அறுத்துக் கீல் வச்சுக் கதவாக்கித் தாரேன். சந்துல எறங்க இரும்புப் படி நாலு வெல்டு பண்ணிருவோம்."

"திருடன் ஏறிருவானே அண்ணாச்சி?"

"கொண்டி உள்பக்கம். பூட்டு வேண்டாம். ராத்திரி இருட்டுல சாவிய எவன் தேடுவான்?"

முதலாளி மேலே படுக்கும் பையன்களைப் பார்த்தார். அவர்களில் ஒருவன் இந்தியில், கொண்டியை உட்கார்ந்தபடி கை எட்டும் உயரத்தில் வைக்கச் சொன்னான், அங்கே நின்றால் தலை இடிக்கும் என்றான். அண்ணாச்சி அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். கீலுக்கும் படிக்கும் ஆகும் செலவை எழுதிக் கொடுத்து, பாதிப் பணம் முன்பணமாக வாங்கிக்கொண்டார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பத்ராவை அறுக்கலாம் என்று பேச்சு.