குளியலறைக் குழாயும் அம்மாவின் விரல்களும்

எங்க வீட்டுக் குளியலறை வாஷ்பேசின் குழாய் சொட்ட ஆரம்பித்து இருபது நாள் ஆச்சு. பிளம்பருக்கு போன் போட்டால் "நாளைக்கு வரேனுங்க" என்பார். ஒத்தைக் குழாய்க்காக டவுனிலிருந்து பெட்ரோல் போட்டு வர அவருக்கும் கட்டுபடியாகணுமே.

தோப்பில் ஒரு டிரிப்பர் அடைத்தால் அன்றைக்கே பிடுங்கிக் கழுவுகிற ஆள் நான். வீட்டுக்குள் சொட்டியதற்கு, அடியில் ஒரு போசியை வைத்துவிட்டுப் போய்விட்டேன். நான் அழுத்தித் திருகினால் சொட்டு நிற்கும். அம்மா போய் வந்தால் மறுபடி சொட்டும். "நல்லா இறுக்கி மூடும்மா" என்று நாலைந்து தடவை எரிச்சலாகவே சொல்லியிருப்பேன். "சரி கண்ணு" என்பார், அவ்வளவுதான்.

ஒருநாள் விடியற்காலை பார்த்தேன். சேலை முந்தானையைத் திருகில் சுற்றி, இரண்டு கையாலும் திருகிக்கொண்டு நிற்கிறார். விரல் கணுவெல்லாம் வீங்கியிருக்கு. நாற்பது வருசம் களை பிடுங்கின கை. வலிக்குது என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பழைய திருகுக் குழாய் அப்படித்தான். உள்ளே இருக்கிற ரப்பர் வாஷர் தேயத் தேய, இன்னும் அழுத்தி மூடணும். அம்மாவிடம் இல்லாதது அந்த அழுத்தம்தான். வாஷர் மாற்றினாலும் ஆறு மாசத்தில் அதே கதை. அதனால் கால் சுற்றில் மூடுகிற, நீளப் பிடி வைத்த குழாய் ஒன்றை வாங்கி வந்தேன். அதற்குள் ரப்பருக்குப் பதில் இரண்டு பீங்கான் வட்டுகள். அழுத்த வேண்டியதில்லை, தள்ளினால் போதும்.

மாற்றுகிற வேலையில் கஷ்டம் ஒன்றே ஒன்றுதான்: பேசினுக்கு அடியில் இருக்கிற நட்டு. எங்க போர் தண்ணி உப்பு, அதில் வெள்ளையாகக் காரை கட்டியிருந்தது. மேல் தொட்டி வால்வை மூடி, எலுமிச்சைச் சாறில் நனைத்த துணியை நட்டில் சுற்றி ராத்திரி விட்டேன். காலையில் மல்லாந்து படுத்து, ஸ்பேனரை மெல்ல மெல்ல அசைத்ததில் கழன்றது. வேகமாக இழுத்தால் பேசின் விரிசல் விடும்.

புதுசை மாட்டித் தண்ணியைத் திறந்தால், அடியில் கசிவு! தோப்புப் பழக்கத்தில் மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றிச் சுற்றி வைத்திருந்தேன். டியூப் நட்டுக்குள் ரப்பர் வாஷர் இருக்கு, தண்ணியைத் தடுப்பது அதுதான். டேப் தடித்ததில் நட்டு முழுசா ஏறவில்லை. டேப்பை உரித்து, வாஷரைச் சமமாக உட்கார வைத்து, கையால் இறுக்கி, ஸ்பேனரில் ஒரு கால் சுற்று. நின்றுவிட்டது.

அம்மாவைக் கூப்பிட்டேன். புறங்கையால் பிடியைத் தட்டித் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார், மூடினார். "இதுக்கு எவ்வளவு ஆச்சு?" என்றார். பாதி விலை சொன்னேன். "அதுவே அதிகம்" என்று போய்விட்டார்.

உங்க வீட்டிலும் பெரியவங்க போய் வந்த பிறகு குழாய் சொட்டினால், "சரியா மூடுங்க" என்று சொல்வதற்கு முன்னால் அவங்க கையை ஒரு தடவை பாருங்க.