சில்லு வீட்டில் ஒழுக்கு

மழைக்கு ஒதுங்குவதற்கென்றே மனிதன் வீடு கட்டினான். மழையே வந்து வீட்டுக்குள் ஒதுங்கிக்கொண்டால் அவன் எங்கே போவது? 2016 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நள்ளிரவு, இங்கிலாந்தின் வடமேற்கிலே ஏரிகளும் மலைகளும் சூழ்ந்த கெஸிக் என்னும் ஊருக்கு அருகில், நனைந்த மெத்தையொன்றின் ஓரத்தில் அமர்ந்து நாம் இதனைச் சிந்திக்க நேர்ந்தது.

நாம் இருந்தது ஒரு கரவனுக்குள். காரின் பின்னால் கொளுவி இழுத்துச் செல்லும் சில்லு வீட்டை அந்நாட்டார் அவ்வாறு அழைப்பர். படுக்கை, அடுப்பு, அலுமாரி, கழிவறை யாவும் அதனுள் அடக்கம். உல்லாசப் பயணத்துக்கென்றே இத்தகைய வண்டியொன்றை முதன்முதலிற் செய்வித்தவர் கோடன் ஸ்ரேபிள்ஸ் என்னும் கடற்படை வைத்தியர். 1885 இல் பிறிஸ்ரல் நகரில் உருவான அவரது மர வண்டியை இரண்டு குதிரைகள் இழுத்தன. நமது வண்டியை இழுத்ததோ ஒரு பழைய கார். இலண்டனிலே சம்பளத்துக்கு உழைக்கும் குடும்பம் நம்முடையது. ஐந்து பேர் விடுதியில் தங்குவதற்குக் கட்டுப்படியாகாமையாலேயே இந்த யோசனை பிறந்தது என்பதை வாசகர்கள் மனத்திற் கொள்ளவேண்டும்.

2014 இல் அதனை ஒரு முதியவரிடம் வாங்கினோம். பத்தாண்டு ஓடிய வண்டி. உள்ளே பளிச்சென்றிருந்தது. அலுமாரிக்குள் வாசனைப் பையொன்று தொங்கியது. முன்பக்க மூலையில் மட்டும் சுவர்க்காகிதம் புதிதாக ஒட்டப்பட்டிருந்ததைக் கண்ட நம் துணைவியார், "அது ஏன் அந்த மூலைக்கு மட்டும்?" என்று மெல்லக் கேட்டார். பெண்கள் எதிலும் குறை காண்பவர்கள் என்று எண்ணிக்கொண்டு நாம் காசை எண்ணிக் கொடுத்தோம்.

அந்த மாரியிலேயே அந்த மூலை கனிந்தது. விரலால் அழுத்தினால் பழுத்த பப்பாசியைப்போல உள்ளே அமிழ்ந்தது. பக்கத்துச் சன்னலைச் சுற்றி வெளிப்புறத்திலே சிலிக்கோன் பசையை ஒரு குழாய் முழுவதும் பிதுக்கிப் பூசினோம். கறை மறையவில்லை. ஆகவே, பலசரக்குக் கடையில் இனாமாகக் கிடைத்த கலண்டர் ஒன்றை அதன்மேல் தொங்கவிட்டோம். இதனை எழுதும்போது கை கூசுகிறது. ஆயினும் நடந்தது அதுவே.

இரண்டு வருடம் கழித்து யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா வந்தார். வயது எழுபத்து நான்கு. இழுப்பு நோய் உடையவர். கெஸிக்குக்கு அழைத்துச் சென்றோம். அதனை அடுத்த பள்ளத்தாக்கிலுள்ள ஸீத்வெயிற் என்னுங் குக்கிராமம் இங்கிலாந்திலே மக்கள் வாழும் இடங்களுள் மிகுந்த மழை பெறுவது. ஆண்டொன்றுக்கு 3,000 மில்லிமீற்றருக்கும் அதிகம். யாழ்ப்பாணத்து மழையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். கரவனின் கதவைத் திறந்ததும் அம்மா வாசலிலேயே நின்றார்.

"தம்பி, இதுக்குள்ள ஈர மணம் ஒண்டு அடிக்குது. மாரிக்குள்ள பெட்டகம் திறந்த மாதிரி."

"அது வெளியில காட்டு மணம், அம்மா," என்றோம்.

முன்பக்கப் படுக்கை அகலமானது என்று அதனையே அவருக்கு ஒழுங்கு செய்தோம். நடுச்சாமத்தில் மழை கொட்டியது. மூன்று மணியளவில் இருமற் சத்தம் கேட்டு விழித்தபோது அம்மா குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு குந்தியிருந்தார். போர்வை பிழியப் பிழிய நனைந்திருந்தது. பிள்ளைகளின் நித்திரை குழம்பிவிடும் என்று எவரையும் எழுப்பவில்லை. மூச்சு விசிலடித்தது. மருந்தை உள்ளிழுத்து, மூச்சு ஒருவாறு அடங்கி, வெளுத்து வருகையில் அவர் எழுந்து கலண்டரை ஒற்றை விரலால் விலக்கிப் பார்த்தார். பின்னால் கரும் பூஞ்சணம் உள்ளங்கை அகலத்துக்குப் படர்ந்திருந்தது.

"தெரிஞ்சுகொண்டோ இதிலை கொளுவினனீ?"

நாம் பதில் சொல்லவில்லை. அன்றே இலண்டனுக்குத் திரும்பினோம். வழியிலே நெடுநேரம் பேசாதிருந்த அம்மா ஓரிடத்தில், "ஒழுக்கு விழுற இடத்திலை ஓட்டை இராது. மேட்டுப் பக்கம் போய்ப் பார்," என்றார்.

நம் இளமைப் பருவத்து வீடு கிடுகால் வேய்ந்தது. முகட்டுக்குக் கிட்ட இறங்கும் மழைநீர் கைமரத்தின் வழியே ஊர்ந்து, எங்கோ சுவரோரத்து நெல்மூட்டையின்மேற் சொட்டும். சொட்டுமிடத்துக்கு நேர்மேலே தேடுபவன் ஏமாந்துபோவான். உள்ளே நிற்பவர் கைமரத்தைப் பார்த்துக்கொண்டே மேலேறி, ஓட்டையைக் கண்டதும் ஓர் ஈர்க்கை அதனூடாக வெளியே நீட்டுவார். கூரைமேல் இருக்கும் அப்பா அதனைக் கண்டு கிடுகு செருகுவார். இவ்வளவும் தெரிந்த நாம் கறைக்கு அருகிலேயே சிலிக்கோன் பூசினோம்!

கரவனின் சுவர் ஓரங்குலத்துக்குச் சற்றுக் கூடிய கனமே உடையது. நமது வண்டியில் வெளியே அலுமினியத் தகடு. உள்ளே காகிதம் ஒட்டிய ஒட்டுப்பலகை. நடுவிலே மெல்லிய மரச்சட்டங்களும் நுரைப்பலகையும். கூரையும் சுவரும் கூடும் விளிம்பில், பந்தற் சீலை கொளுவுவதற்கென ஓர் அலுமினியச் சட்டம் நெடுகத் திருகாணிகளாற் பூட்டப்பட்டிருக்கும். அதன் கீழேயுள்ள பசைதான் உயிர்நிலை. பிசைந்த மாவைப்போல் அது என்றும் இளகியிருக்க வேண்டும். காலப்போக்கிலே வெயிலாலும் ஓட்டத்தின் அதிர்ச்சியாலும் காய்ந்து வெடித்தால், திருகாணித் துளை ஒவ்வொன்றும் நீருக்கு வாசல். உட்புகுந்த நீர் மரச்சட்டத்தைப் பற்றிக்கொண்டு தன் விருப்பம்போற் பிரயாணஞ் செய்யும்.

ஈரமானி ஒன்றை வாங்கினோம். இரண்டு ஊசி முனைகளைப் பலகையில் அழுத்தினால் ஈரத்தின் அளவைக் காட்டும் சிறு கருவி. 15 வீதத்துக்கு உட்பட்டால் கவலையில்லை. 20 ஐத் தாண்டினால் ஆராயவேண்டும். 30 ஐத் தாண்டினால் உள்மரம் பழுதுபட்டிருக்கும் என்று கொள்வர். கறையின் அருகே 38. அங்கிருந்து ஒரு சாண் ஒரு சாணாக மேலேறினோம். ஈரம் சன்னலை விட்டு விலகி, கூரை மூலையிலுள்ள அலுமினியச் சட்டத்துக்கு நம்மை அழைத்துச் சென்றது. சன்னலுக்கும் அதற்கும் ஐந்தடி தூரம்.

சட்டத்தைக் கழற்றினோம். கழற்றினோம் என்பதும் மிகை. பல திருகாணிகள் திருகாமலே கையோடு வந்தன. பிடித்திருந்த மரம் உக்கிக் கறுத்துப் புகையிலைத்தூளாகியிருந்தது. இன்னொன்றும் வெளிப்பட்டது. நாம் பூசிய சிலிக்கோன் நீர் புகும் வழியை அடைக்கவில்லை; சன்னலடியால் அது வடியும் வழியையே அடைத்திருந்தது. இரண்டு வருடமாக ஈரத்தை உள்ளே சிறை வைத்தவர்கள் நாமே. மேலும், சிலிக்கோன் பட்ட இடத்தில் வேறெந்தப் பசையும் ஒட்டாது. அதனைச் சுரண்டி எடுக்கவே மூன்று நாட்கள் பிடித்தன.

இக்காரியத்திலே கடினமானது தச்சுவேலையன்று, காத்திருத்தல். ஈரத்தோடு மூடினால் உக்கல் உள்ளேயே வளரும். நண்பரொருவரின் கொட்டகையில் வண்டியை நிறுத்தி, ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை ஓடவிட்டோம். நாள்தோறும் அதன் வாளியை ஊற்றினோம். வாரமொருமுறை அளந்த அளவுகளை அந்தக் கலண்டரின் பின்புறத்திலேயே குறித்தோம்: 38, 33, 27, 22, 18, 14. ஆறு வாரங்கள். பின்னர், கத்திமுனை இறங்காத மரம் வரும் வரையும் அதற்கு அப்பால் சிறிதும் வெட்டி நீக்கி, மருந்து பூசிய புதுச் சட்டம் பொருத்தினோம். இறுகாத நாடாப் பசையிட்டு, துருப்பிடிக்காத உருக்குத் திருகாணிகளால் முடுக்கினோம். பிதுங்கிய பசையைச் சில நாள் கழித்து மரக்கத்தியால் வழித்து, மீண்டும் முடுக்கினோம்.

அடுத்த மாரியில் சன்னற் கண்ணாடிகள் உட்புறம் நனைந்து வழிந்தபோது நெஞ்சு திக்கென்றது. அது ஒழுக்கன்று, நம் மூச்சும் அடுப்பும் செய்த வேலை. ஒரு கிலோகிராம் புரொப்பேன் வாயு எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோகிராம் நீராவி பிறக்கும். குளிர்ந்த கண்ணாடியில் அது ஒடுங்கி நீராகும். சமைக்கும்போது கூரைச் சாளரத்தைத் திறந்து வைத்தால் போதும். குளிருக்குப் பயந்து தளத்திலுள்ள காற்றுத் துளைகளைச் சீலையால் அடைக்கச் சிலர் முற்படுவர். கசியும் வாயு வெளியேறவும் நல்ல காற்று உள்வரவும் அமைந்தவை அவை. அடைத்தால் காபனோரொட்சைட்டு உயிரையே வாங்கிவிடும். ஈரம் எவ்வளவோ மேல்.

அம்மா 2018 இல் மறுபடியும் வந்தார். வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார். ஒன்றும் சொல்லாமல் பெட்டியை உள்ளே வைத்துவிட்டு, அதே முன்பக்கப் படுக்கையில் விடியும்வரை தூங்கினார்.

2021 இல், பெருந்தொற்றினால் வெளிநாடு செல்ல வழியற்ற மக்கள் கரவன்களைத் தேடி அலைந்தபோது, நாம் நம்முடையதை விற்க முனைந்தோம். கைக்குழந்தையோடு ஓர் இளந் தம்பதியர் வந்தனர். உள்ளே எல்லாம் பளிச்சென்றிருந்தது. அவர்கள் ஒன்றுமே கேட்கவில்லை. நல்ல விலைக்குப் பேச்சு முடியும் தறுவாயில், நம் துணைவியார் உள்ளே சென்று அந்தக் கலண்டரை எடுத்துவந்து, பின்புறம் மேலாகத் தெரியும்படி மேசைமேல் வைத்தார்.

கதை முழுவதையும் சொன்னோம். விலை முந்நூறு பவுண் இறங்கியது. அந்த இளைஞர் எழுந்து, நாம் காட்டிய மூலையைப் பெருவிரலால் மேலிருந்து கீழாக அழுத்திப் பார்த்தார். சுவர் கல்லைப்போல நின்றது. காசை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போகும்போது, கலண்டரையும் தரமுடியுமா என்று கேட்டு வாங்கிச் சென்றார்.