ஒரு படி போதாது

எம் ஊர் செங்கம். வடபால் சவ்வாது மலை, அருகே செய்யாறு. பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாகிய மலைபடுகடாம், இவ்வூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட நன்னனைப் பாடியது என்பதைத் தமிழ் பயின்றோர் அறிவர். அன்றைய செங்கண்மாவே இன்றைய செங்கம். பரிசில் நாடிச் செல்லும் கூத்தருக்கு மலைவழி கூறும் அப்பாட்டு 583 அடிகளை உடையது. அது நம் கைக்கு வந்து சேர்ந்த அருமையை, எம் இல்லத்துக் கணினி பழுதுற்ற பின்னரே நாம் உள்ளபடி உணர்ந்தோம்.

எம் தந்தையார் மலையிலிருந்து இறங்கும் புளி, தேன், கடுக்காய், சாமை ஆகியவற்றை வாங்கி விற்றவர். எத்திருப்பத்தில் ஊற்று உண்டு, எப்பாறை வழுக்கும், எவ்வூரில் எவர் திண்ணையில் இளைப்பாறலாம் என்று அவர் வழி சொல்லக் கேட்பது தனி இன்பம். அவர்தம் இறுதி ஆண்டுகளில் அவற்றைப் பதினொரு குரற்பதிவுகளாக்கிக் கணினியில் சேர்த்தோம். காப்பாக இருக்கட்டும் என்று வெளியே இணைக்கும் வன்தட்டு ஒன்றிலும் படியெடுத்தோம். தந்தையார் மறைந்தார், குரல் இருக்கிறது என்று தேறியிருந்தோம்.

ஐப்பசி இரவொன்றில் மின்னல் தாக்கியது. மின்கம்பி வழியே பாய்ந்த மிகை மின்னழுத்தம் கணினியை எரித்தது. அதனோடு இணைந்தே கிடந்த வன்தட்டும் உடன் எரிந்தது. இரண்டு படிகள் உள்ளன என்று நாம் எண்ணியிருந்தோம். ஒரே மேசையில், ஒரே மின்னிணைப்பில் இருந்த இரண்டும் உண்மையில் ஒன்றே என்பதை அன்று கற்றோம்.

வாணியம்பாடியில் வாழும் எம் மகளிடம், முன்பு நாமே கொடுத்து மறந்துவிட்ட பென் டிரைவ் ஒன்று இருந்தது. அதில் ஆறு பதிவுகள் கிடைத்தன. அதன் பின்னர்ப் பதிந்த ஐந்தும் போயின.

மலைபடுகடாமும் பல ஊர்களில் படியிருந்தமையாலேயே பிழைத்தது. ஓலையை ஈரமும் பூச்சியும் அழிக்கும். ஆதலின் ஏடு சிதையுமுன் புதிய ஏட்டில் எழுதிவைத்தல் முன்னோர் வழக்கம். உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஏடுகளைத் திரட்டி, ஒப்புநோக்கி, 1889-ஆம் ஆண்டு பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சேற்றினார். குறிஞ்சிப்பாட்டின் பூக்களுள் சிலவற்றின் பெயர்கள் அவரிடமிருந்த ஏடுகளில் இல்லை. தருமபுரம் ஆதீனத்து ஏட்டில் அவை கிடைத்தன. ஓரூர் இழந்ததை வேற்றூர் காத்தது. மாறாக, 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் படியில்லாத சுவடிகள் மீளாமலே போயின.

கணினி அறிந்தோர் கூறும் நெறியும் இதுவே. படிகள் மூன்று வேண்டும். இருவகைச் சாதனங்களில் வேண்டும். ஒன்றேனும் வேற்றிடத்தில் வேண்டும். வன்தட்டைப் படியெடுத்தவுடன் கழற்றி வைத்தல் நன்று. மின்னலுக்கு மட்டுமன்றிக் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல்களுக்கும் அது காப்பாகும். இணையச் சேமிப்பில் எல்லாம் உண்டு என்று இருந்துவிடவும் இயலாது. கணினியோடு ஒத்தியங்குமாறு அமைத்த சேமிப்பில், இங்கே தவறி அழித்தது அங்கும் அழியும். எல்லாவற்றினும் முதன்மையானது, படியைத் திறந்து பார்த்தல். மீட்டுப் பாராத படி, படித்துப் பாராத ஏடு போன்றது. உள்ளிருப்பது சிதைந்ததா என்பது தேவைப்படும் நாளில்தான் தெரியும்.

இன்று அந்த ஆறு பதிவுகளும் மூன்று ஊர்களில் உள. ஆண்டுக்கிருமுறை அவற்றைத் திறந்து கேட்கிறோம். ஆறாம் பதிவில் தந்தையார், மலையேற்றத்தின் பாதி வழியில், ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, மீதியை நாளை சொல்வதாகக் கூறுகிறார். அந்த மீதி எம்மிடம் இல்லை.

மாணவச் செல்வங்களே! உங்கள் இல்லத்துப் பெரியோரின் குரலும் கடிதமும் நிழற்படமும் எங்கே, எத்தனை படிகளாக உள்ளன என்று இன்றே எண்ணிப் பாருங்கள். ஒன்றே எனில், இவ்வாரமே மற்றொன்று எடுத்து, உறவினர் ஒருவர் இல்லத்தில் சேர்த்து வையுங்கள்.