"அண்ணா, ஹேங் ஆகுது"

ஃபர்ஸ்ட் இயர் சேர்ந்தப்போ அப்பா வாங்கிக் கொடுத்த லேப்டாப்தான் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஜிடிஎக்ஸ் 1650, 8 ஜிபி ரேம். சொசைட்டியில் லோன் போட்டு வாங்கினார். கடையில் பில் போடும்போது, "இதுல எல்லாம் ஓடும்ல தம்பி?" என்றார். அவர் கேட்டது படிப்புக்கு வேண்டிய சாஃப்ட்வேரை. நான் மனசுக்குள் ஜிடிஏ 5-ஐ நினைத்துக்கொண்டு, "ஓடும்பா" என்றேன்.

ஓடியது. 2016-இல் வந்த டூம் 60 எஃப்.பி.எஸ்-க்கு மேலேயே பறந்தது. தேர்ட் இயரில்தான் வினை ஆரம்பித்தது. ஒரு புது கேம், பேர் வேண்டாம். ஹாஸ்டல் வைஃபையில் மூன்று ராத்திரி டவுன்லோட். எல்லா செட்டிங்கும் லோ. 22 எஃப்.பி.எஸ். "உன் லேப்டாப் செத்துடுச்சு மச்சி" என்றான் ரூம்மேட். சரி, அவனுடைய ஆர்டிஎக்ஸ் 4060-இல் போட்டுப் பார்ப்போம் என்று போட்டோம். அங்கேயும் புது ஏரியாவுக்குள் நுழையும்போதெல்லாம் படக்கென்று ஒரு வெட்டு. அப்போதான் எனக்குக் கோபமே வந்தது.

கணக்கு ரொம்பச் சின்னது. 60 ஃப்ரேம் வேண்டுமென்றால் ஒரு ஃப்ரேமுக்கு 16.67 மில்லி செகண்ட். அதற்குள் கீபோர்டைப் படிக்கணும், எதிரி யோசிக்கணும், ஃபிசிக்ஸ் முடியணும், படத்தையும் வரைஞ்சு முடிக்கணும். 2013-இல் வந்த பிஎஸ்4-லேயே டூம் இதைச் செய்தது. சீன் கனமானால் ரெசல்யூஷனைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளும், 60-ஐ விட்டுக்கொடுக்காது.

அப்புறம் 2018-இல் டிஎல்எஸ்எஸ் வந்தது. சின்னதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் வித்தை. ரே டிரேசிங் மாதிரி கனமான வேலைக்கு நல்ல கைத்தாங்கல்தான், மறுக்கவில்லை. 2022-இல் அதோடு ஃப்ரேம் ஜெனரேஷன் சேர்ந்தது. இரண்டு நிஜ ஃப்ரேமுக்கு நடுவில் ஒரு ஃப்ரேமை அதுவே ஊகித்துச் செருகும். நம்ம மெஸ் சாம்பார் மாதிரி. ஆள் கூடக்கூட அண்ணன் தண்ணியை ஊத்துவார். எல்லார் தட்டிலும் சாம்பார் விழும், பருப்பு என்னமோ அதே ஒரு படிதான். திரையில் 60 என்று காட்டினாலும், நாம் தட்டுகிற பட்டனைக் கேட்பது நிஜமான 30 ஃப்ரேம் மட்டும்தான். கையில் விளையாடிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கைத்தாங்கலாக வந்தது இப்போது காலாகவே ஆகிவிட்டது. 2025 பிப்ரவரியில் வந்த மான்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸின் 'ரெகமெண்டட்' பட்டியலைப் பாருங்கள். 1080பி-யில் 60 எஃப்.பி.எஸ், அதுவும் ஃப்ரேம் ஜெனரேஷன் போட்டால். தண்ணி ஊத்தித்தான் பரிமாறுவோம் என்று போர்டே வைத்துவிட்டார்கள்.

அந்த 'வெட்டு' வேறு கதை. ஷேடர் என்கிற குட்டி புரோகிராம்களை அந்தந்த ஜிபியு-வுக்கு ஏற்றபடி கம்பைல் பண்ணணும். கன்சோலில் எல்லார் வீட்டிலும் ஒரே ஹார்டுவேர் என்பதால் முன்னாடியே செய்து அனுப்பிவிடலாம். பிசி-யில் கார்டு வேறு, டிரைவர் வேறு. முன்கூட்டியே கம்பைல் பண்ணி வைக்காத கேம், தீயை முதல்முறை பார்க்கும்போதுதான் தீயின் ஷேடரைத் தேடி ஓடும். நாம் அப்படியே நிற்போம்.

அந்தக் காலமும் பொற்காலம் ஒன்றும் இல்லை. 2015-இல் பேட்மேன் ஆர்க்கம் நைட்டின் பிசி வெர்ஷன் ஓடின லட்சணத்தில் விற்பனையையே நிறுத்தி வைத்தார்கள். இருந்தாலும் ரூமில் உட்கார்ந்து தினமும் திட்டுவேன். "சோம்பேறிப் பசங்க. ஆப்டிமைஸ் பண்ணத் தெரியல."

போன செமஸ்டரில் நம்ம டிபார்ட்மெண்ட் சிம்போசியத்துக்கு நானும் ரூம்மேட்டும் யூனிட்டியில் ஒரு கேம் செய்தோம். டவுன் பஸ் ஓட்டணும், குழியையும் மாட்டையும் தப்பிக்கணும், காசு பொறுக்கணும். எல்லா வேலையும் அவன் 4060-இல்தான். 140 எஃப்.பி.எஸ். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும்.

சிம்போசியம் அன்று காலையில் லேபில் போட்டோம். கிராஃபிக்ஸ் கார்டே இல்லாத சிஸ்டங்கள். 17 எஃப்.பி.எஸ். பக்கத்து ஸ்கூலிலிருந்து வந்த ஒரு தம்பி, எட்டாவது இருக்கும், ஆசையாக உட்கார்ந்தான். ரெண்டு முறை மாட்டில் மோதினான். மூன்றாம் முறை பட்டனைச் சரியாகத்தான் தட்டினான், நான் பார்த்தேன். பஸ் திரும்பவில்லை. "அண்ணா, ஹேங் ஆகுது" என்றான். என் வாயில் முதலில் வந்தது என்ன தெரியுமா? "சிஸ்டம் பழசு தம்பி." அவன் தலையாட்டிவிட்டு, தன்மேல்தான் தப்பு போல எழுந்து போனான்.

அன்று ராத்திரி புரொஃபைலரைத் திறந்தேன். ஏழு மாசத்தில் முதல்முறை. ஒவ்வொரு ஃப்ரேமிலும் சீன் முழுக்கத் தேடி எல்லா மாட்டையும் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது என் கோடு. இருக்கிற மாடு பன்னிரண்டு, லிஸ்டில் போட்டு வைத்திருந்தால் போதும். ஒவ்வொரு காசையும் புதிதாக உருவாக்கி, பொறுக்கியதும் அழித்தேன். அந்தக் குப்பையை அள்ள கார்பேஜ் கலெக்டர் வரும்போதெல்லாம் பஸ் நின்றது. பழைய காசையே திருப்பித் திருப்பிப் பயன்படுத்துகிற பூலிங் எங்களுக்கு சிலபஸ் இல்லாமலே தெரியும். செய்யவில்லை, அவ்வளவுதான். கட்டைவிரல் அளவு தெரிகிற மாட்டுக்கு 4096-க்கு 4096 டெக்ஸ்சர், கம்ப்ரஸ் பண்ணாமல். ஒன்று 64 எம்பி. 'குவாலிட்டி முக்கியம் மச்சி' என்று நானே போட்டது.

விடிவதற்குள் மூன்றையும் சரி செய்தோம். அதே லேப், மூலையில் இருக்கிற இருபத்து மூன்றாம் நம்பர் சிஸ்டம், ஸ்பேஸ் பார் இறங்கினால் ஏறாது. அதில் 41 வந்தது. மாட்டின் நிழலை எடுத்தால் 50 தொடும் என்கிறான் ரூம்மேட். எனக்கு மனசு வரவில்லை, சண்டை இன்னும் ஓடுகிறது. ஆனால் இப்போதெல்லாம் எதைச் சேர்த்தாலும் முதலில் இருபத்து மூன்றில்தான் போட்டுப் பார்க்கிறோம்.

அந்தத் தம்பி எந்த ஸ்கூல் என்று கேட்டு வைத்திருக்கலாம்.