குதுப்மினார் படிகள்

டில்லிப் பயணத்துக்கு நான் போட்ட ஜாபிதாவில் நாலு நாளைக்குப் பதினேழு இடங்கள். முதலிடம் குதுப்மினாருக்கு.

"உச்சிவரைக்கும் ஏறலாமாப்பா?" என்றாள் ஒன்பது வயது மகள்.

படிகள் 379 உண்டு. ஆனால் ஏற விடுவதில்லை என்றேன். ஏன் என்று கேட்காமல் விடுவாளா? மறைக்க மனம் வரவில்லை. 1981 டிசம்பரில் கோபுரத்துக்குள் விளக்கு அணைந்துவிட்டது. இருட்டில் பயந்து முண்டியடித்து இறங்கியதில் 45 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் சுற்றுலா வந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்.

அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு என் காகிதத்தைப் பார்த்து, "நாமும் இத்தனைக்கும் ஓடணுமாப்பா?" என்றாள்.

பன்னிரண்டு இடங்களை அடித்துவிட்டேன். குதுப்மினாரை மட்டும் அவள் அடிக்க விடவில்லை. கீழே நின்று நிதானமாக அண்ணாந்து பார்ப்பதென்று தீர்மானமாயிற்று.